அடியில் ஒரு சிவப்புப் புள்ளி

திரும்பி வருகிற அடுப்புகளைக் கழுவுவது என் வேலை. என் கணவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து நடத்துகிற கடை. டென்ட், தூங்கும் பை, மடக்கு நாற்காலி, சின்னப் பெட்டி மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு போகிற கேஸ் அடுப்பு எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிறோம். வெள்ளிக்கிழமை பளபளவென்று போகும். திங்கட்கிழமை வரும் பாருங்கள், கருமம்! பால் பொங்கி வழிந்து பர்னர் முழுக்கக் கருகி ஒட்டியிருக்கும். தட்டுக்கு அடியில் ஊறிப்போன நூடுல்ஸ் புழுத்த மாதிரி கிடக்கும். ஒரு தடவை முட்டை ஓட்டுக்குள் யாரோ பல் குத்திய குச்சி. இன்னொரு தடவை வெட்டிப் போட்ட நகம். ஏங்க, சமைக்கிற இடத்தில் உட்கார்ந்து எவனாவது நகம் வெட்டுவானா? வெட்டியிருக்கிறான். அதை என் கையால் எடுத்துப் போட்டேன்.

சரி, அழுக்கையாவது மன்னித்துவிடலாம். சோடா மாவும் வெந்நீரும் போட்டுத் தேய்த்தால் போய்விடும். ஆனால் மனுஷர்களின் அலட்சியம் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. கொடுக்கும்போதே ஒவ்வொருவரிடமும் கிளிப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொல்வேன். “டென்ட்டுக்குள்ள பத்த வைக்காதீங்க. அகலமான சட்டி வைக்காதீங்க, விளிம்பு டப்பா மேல நீட்டிக்கிட்டு இருந்தா டப்பா சூடாகி வெடிக்கும். டப்பா மாத்தும்போது பக்கத்துல நெருப்பு இருக்கக் கூடாது.” எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டுவார்கள். மழை வந்ததும் முதல் காரியமாக அடுப்பை டென்ட்டுக்குள் தூக்கிக்கொண்டு போவார்கள். துணியில் பெரிய ஓட்டையோடு வந்து, “நீங்க குடுக்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு” என்று கூசாமல் சொல்வார்கள்.

ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது வாடிக்கையாளர்களின் அசிங்கத்தை அல்ல. எங்கள் வீட்டு அசிங்கத்தை.

என் கணவரின் அண்ணனுக்குக் கடைத்தெருவில் ‘சொட்டு’ என்று பட்டப்பெயர். தேநீர்க் கடையில் குடித்து முடித்த பிறகும் கோப்பையைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு நாக்கில் விழும் வரைக்கும் காத்திருப்பார். நான் அவரை மாமா என்று கூப்பிடுகிறேன், வேறு வழியில்லை. அவர் மனைவி, என் ஓரகத்தி, எனக்கு அக்கா. அக்கா வேறு ரகம். யாரைப் பற்றியும் ஒரு குறை சொல்ல மாட்டாள். அவளுக்கு இருக்கிற ஒரே கிறுக்கு சுத்தம். சுவரில் ஒரு விரல் ரேகை தெரிந்தால் அன்றைக்குத் தூக்கம் கிடையாது.

இந்த அடுப்புக்குப் போடுகிற கேஸ் டப்பாவைப் பார்த்திருப்பீர்கள். கொசு மருந்து அடிக்கிற டப்பா மாதிரி நீளமாக இருக்கும். மெல்லிய தகரம். ஒரு தடவை உபயோகித்துத் தூக்கிப் போடுவதற்கென்றே செய்தது. ‘மறுபடி நிரப்பாதே’ என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறது. சொட்டு மாமா அதைத் தூக்கிப் போடுவாரா? கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அங்கே வீட்டுச் சிலிண்டரை ஸ்டூல் மேல் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார். காலி டப்பாவை ஐஸில் போட்டுச் சில்லென்று ஆக்குவார். எங்கேயோ கடைந்து வாங்கிய ஒரு பித்தளை மூக்கை நடுவில் சொருகி, உஸ்ஸென்று நிரப்புவார். அழுகின முட்டைக்கோஸ் நாற்றம் அடிக்கும். எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். வீட்டு கேஸின் அழுத்தத்தை அந்தத் தகரம் தாங்காது. வாயில் இருக்கிற ரப்பர் ஏற்கெனவே தேய்ந்திருக்கும், அதனால் கசியும். விளிம்பு வரைக்கும் நிரப்பினால் சூடு பட்டதும் கேஸ் விரிவதற்கு உள்ளே இடம் இருக்காது. இதெல்லாம் அவருக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். நன்றாகத் தெரியும். அதற்குத்தான் அந்தப் புள்ளி.

தான் நிரப்பிய டப்பாவின் அடியில் நகச்சாயத்தால் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பார். புள்ளி உள்ளது வாடிக்கையாளருக்கு. புள்ளி இல்லாதது நம் வீட்டுக்கு, சொந்தக்காரர்களுக்கு, தெரிந்தவர்களுக்கு. இதைக் கண்டுபிடித்த அன்று நான் கேட்டேன், “ஏன் மாமா, நல்லதுன்னா நமக்கும் அதையே போட வேண்டியதுதானே?” அவர் சிரித்தார். “நம்ம பிள்ளைங்க இருக்கிற வீடும்மா” என்றார். தூ! மற்றவர்கள் வீட்டில் இருப்பது பிள்ளைகள் இல்லையா? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் எதிரில் உட்கார்ந்து ரசித்துச் சாப்பிட்டார்.

அவர் கடையில் இல்லாத நேரம் பார்த்து நான் புள்ளி டப்பாக்களை ஒதுக்கிவிட்டு நல்லதாக எடுத்துக் கொடுப்பேன். கணவரிடம் சொன்னேன். “விடு, அண்ணன் எத்தனை வருஷமா பண்றாரு, ஒண்ணும் ஆகல” என்றார். இந்த ‘ஒண்ணும் ஆகல’ என்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆயிற்று. ஒரு பள்ளிக்கூட டீச்சர் கையில் கட்டோடு வந்தாள். ஒரு பக்கத்துப் புருவமே இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் குமிழைத் திருகினதும் நெருப்பு முகத்துக்கு நேரே எழும்பியிருக்கிறது. நல்ல வேளை, பிள்ளைகள் தள்ளி நின்றிருந்தார்கள். அவள் அழவுமில்லை, சண்டை போடவுமில்லை. “உங்க டப்பாவைக் கொஞ்சம் பாருங்க சார், வேற யாருக்கும் ஆகிடக் கூடாது” என்றாள். அதற்கு எங்கள் மாமா என்ன சொன்னார் தெரியுமா? “காத்தடிக்கிற இடத்துல பத்த வச்சிருப்பீங்க. சரியா பொருத்தத் தெரியலைன்னா எங்ககிட்ட கேட்டிருக்கணும்.” சொன்னதோடு விட்டாரா, கருகிப் போன அடுப்புக்கு ஈடும் கேட்டார். 

நான் அவளை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே வந்தேன். நேராக அவர் முன்னால் போய் நின்றேன். “இன்னொரு தடவை அந்தக் கொட்டகையில உஸ்ஸுன்னு சத்தம் கேட்டுச்சுன்னா, நானே தீயணைப்பு நிலையத்துக்குப் போய்ச் சொல்லுவேன். குடும்பம், மானம்னு யாரும் எங்கிட்ட வரக் கூடாது.” அவர் பெண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயம், பேர் கெட்டால் தட்டிப்போகும். கொட்டகையை இடித்தார். பித்தளை மூக்கைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டதாகச் சொன்னார். புள்ளி டப்பாக்களை எல்லாம் ஒழித்துவிட்டேன் என்றார். “என் பொண்ணு மேல சத்தியம். போதுமா?” என்று கேட்டார். பெற்ற பெண் மேல் சத்தியம் செய்கிறவனிடம் அதற்கு மேல் என்ன கேட்பது? போதும் என்றேன்.

கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஊர் சுற்றுவதில் பைத்தியம், மலை, காடு, ஏரி என்று கிளம்பிவிடுகிற ஆள். சம்பந்தி அம்மாவும் அப்படித்தான். தையல் கடை வைத்து ஒற்றை ஆளாக மகனை வளர்த்தவள். வாய் நிறையச் சிரிப்பாள். “ரெண்டு குடும்பமும் ஒரு நாள் ஏரிக்கரையில டென்ட் போட்டு உட்கார்ந்து பேசுவோமே” என்று அவள்தான் ஆரம்பித்தாள். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. “நம்ம கடைச் சாமான்தான் எல்லாம்! நீங்க கையை வீசிக்கிட்டு வாங்க!” என்றார். கடையைப் பார்த்துக்கொள்ள என் கணவர் இருந்துகொண்டார். நானும் வரவில்லை என்றேன். அக்கா விடவில்லை. “நீ வரலைன்னா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது” என்றாள். அக்கா கூப்பிட்டால் நான் மறுத்ததில்லை.

ஏரிக்கரை நல்ல இடம்தான். மனுஷர்கள் வராதவரை நன்றாக இருந்திருக்கும். எங்களுக்கு முன்னால் தங்கியவர்கள் விட்டுப் போன எலும்பும், பிளாஸ்டிக் தட்டும், குழந்தைக்குக் கட்டிய டயபரும் மரத்தடியில் கிடந்தன. நெருப்பு மூட்டி அணைக்காமல் போன இடத்தில் காய்ந்த புல் கருகி, சாம்பலில் பாதி வெந்த சோளம். ஈ மொய்த்தது. அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் கூட்டி ஒரு பையில் அள்ளினாள். மாமா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, “அங்க ஒண்ணு கிடக்கு பாரு” என்று காலால் காட்டினார். எனக்கு வாயில் வந்ததை மென்று முழுங்கினேன், சம்பந்தி அம்மாவின் முகத்துக்காக.

டென்ட் போட்டு முடிந்தது. வெயில் இறங்குகிற நேரம். ஒரு வாய் டீ குடிக்கலாம் என்றாள் சம்பந்தி அம்மா. கையோடு ஒரு பெரிய சட்டியும் கொண்டு வந்திருந்தாள். “எல்லாருக்கும் ஒரே தடவையா போட்டுடலாம்” என்றாள். அந்தச் சட்டி ரொம்ப அகலம். அடுப்பின் மேல் வைத்தால் பாதி, டப்பா இருக்கிற பக்கத்துக்கு மேல் வரும். “இது வேணாம்மா, டப்பா சூடாயிடும். சின்னதா ரெண்டு தடவை போடுவோம்” என்றேன். அவள் உடனே ஒத்துக்கொண்டாள். “அட, இது எனக்குத் தெரியாதே. நல்ல வேளை சொன்னே” என்றாள். பாருங்கள், சொன்னால் கேட்கிற மனுஷர்களும் உலகத்தில் இருக்கிறார்கள்.

அக்கா அடுப்பை ஒரு தட்டையான கல் மேல் வைத்தாள். டப்பாக்கள் இருந்த பையைத் திறந்தாள். எல்லாம் புத்தம்புதிதாக மின்னின. மாமா பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கும் பெருமை. ஒன்றை எடுத்து அடுப்பின் பக்கவாட்டில் பொருத்தி, பிடியை அழுத்தி மூடினாள்.

“எப்படி மின்னுது பாருங்க” என்றாள் சம்பந்தி அம்மாவிடம். “நேத்து முழுக்க இதுதான் எனக்கு வேலை. மாடிப்படிக்குக் கீழ ரெண்டு அட்டைப்பெட்டி நிறைய வச்சிருந்தாரு. ஒரு பெட்டியில இருந்ததுல எல்லாம் அடியில சிவப்பா ஏதோ ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, பார்க்கவே அசிங்கமா. எல்லாத்தையும் கீழ கொட்டி, நகச்சாயம் எடுக்கிற தண்ணியைப் போட்டு ஒண்ணு விடாம துடைச்சேன். அப்புறம் துரு இல்லாததா பொறுக்கி எடுத்துட்டு வந்தேன்.”



மாடிப்படிக்குக் கீழே. ஒரு பெட்டி நிறைய. கொட்டகையைத்தான் இடித்திருக்கிறார், வேலையை வீட்டுக்குள் கொண்டு வந்துவிட்டார். கொஞ்ச நாளாகவே அக்கா, “ஃபிரிட்ஜுல வைக்கிற ஐஸெல்லாம் எங்க போகுதுன்னே தெரியல” என்று புலம்பிக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெற்ற பெண் மேல் சத்தியம் செய்துவிட்டு, அந்தப் பெண் ஏறி இறங்குகிற படிக்குக் கீழேயே உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார். இப்போது எது நல்லது, எது அவர் நிரப்பியது என்று அவருக்கே தெரியாது. பையில் இருப்பதில் எது வேண்டுமானாலும் வெடிக்கலாம். அடுப்பில் பொருத்தியிருப்பதும்தான்.

மாமாவைப் பார்த்தேன். பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். மெதுவாக எழுந்து வந்தார். பையிலிருந்து ஒன்றை எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். அதையும் பார்த்தார். எல்லாம் துடைத்து வைத்த மாதிரி சுத்தம். அடுப்பைப் பார்த்தார், அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார், பிறகு சம்பந்தி அம்மாவைப் பார்த்தார். இப்போது சொல்லிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ஒரு வார்த்தை போதும். அதைத் தொடாதே என்றால் போதும். மானம் போகும், போகட்டும், உயிர் போகாதே.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கண்ணு, இங்க வா” என்று மகளைக் கூப்பிட்டார். அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் டீத்தூளை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். “வெளிச்சம் நல்லா இருக்கு, தண்ணிகிட்ட போய் ஒரு போட்டோ எடுப்போம். மாப்ள, நீங்களும் வாங்க. சம்பந்தியம்மா, வாங்க, வாங்க.”

“டீ குடிச்சிட்டுப் போலாமேப்பா” என்றாள் மகள்.

“அம்மா போட்டு வைப்பா. நீ வா.” அவள் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்த்து அக்காவிடம் சொன்னார், “நீ பத்த வச்சுட்டு, மெதுவா வா.”

இதை என் காதால் கேட்டேன். திங்கட்கிழமை அடுப்புகளில் எத்தனை அழுகலைப் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் இப்படி வாந்தி வருகிற மாதிரி இருந்ததில்லை.

அக்காவின் கை குமிழுக்குப் போனது. பாய்ந்து பிடித்தேன்.

“வேணாம்க்கா. தொடாத.”

“என்னடி ஆச்சு உனக்கு? முகமெல்லாம் வேர்க்குது?”

சொன்னேன். பூசி மெழுகாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டகை, சிலிண்டர், பித்தளை மூக்கு, டீச்சரின் புருவம், சத்தியம், சிவப்புப் புள்ளி. அக்கா கேட்டுக்கொண்டே வந்தாள். நகச்சாயம் என்றதும், “என் பாட்டில் அடிக்கடி காணாமப் போகும்” என்றாள் மெதுவாக. பிறகு தலையை ஆட்டினாள்.

“இருக்காது. அப்படி ஏதாவது இருந்தா அவரு சொல்லியிருப்பாரே. நான் எல்லாத்தையும் துடைச்சேன்னு இப்பதானே அவர் முன்னாடியே சொன்னேன்.”

“ஆமாக்கா. இப்பதான் சொன்னே.”

“அவரும் கேட்டாரே.”

“கேட்டாரு.”

அக்கா தண்ணீர்க் கரையைப் பார்த்தாள். நாலு பேரும் வரிசையாக நின்றிருந்தார்கள். மாப்பிள்ளை போனை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். எல்லாரும் ஏரிக்கு முதுகைக் காட்டி அவன் போனைப் பார்த்துச் சிரித்தார்கள். மாமா மட்டும் போனைப் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு பெரிய பாறை இருந்தது; அவர் அதற்குப் பின்னால் ஒதுங்கி, மகளையும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பிடியை மேலே தூக்கி, டப்பாவை அடுப்பிலிருந்து கழற்றினாள். மூடியை மறுபடி மூடினாள். கழற்றிய டப்பாவையும் பையையும் என்னிடம் கொடுத்து, “இதை நிழலா தூரமா வச்சுட்டு வா” என்றாள். வைத்துவிட்டு வந்தேன். அடுப்புக்குள் இப்போது ஒன்றுமில்லை. வெறும் தகரப் பெட்டி. அக்கா ஒரு சின்னச் சட்டியில் தண்ணீர் ஊற்றி அதன் மேல் வைத்தாள். புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

“மாப்பிள்ளை! இதைக் கொஞ்சம் பத்த வச்சுக் குடுங்களேன்! எனக்கு வரமாட்டேங்குது!”

“இதோ வரேன் அத்தை!” என்று அவன் கிளம்பினான். நல்ல பையன், யார் கூப்பிட்டாலும் ஓடி வருகிறவன்.

“மாப்ள, இருங்க, இருங்க” என்றார் மாமா. “அதெல்லாம் பொம்பளைங்க பார்த்துப்பாங்க.”

“கை வலிக்குதுங்க” என்றாள் அக்கா.

“உன் ஓரகத்தி சும்மாதானே நிக்கிறா! அவளைப் பத்த வைக்கச் சொல்லு!”

ச்சீ! ஒரு கணம் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மனைவி இல்லையா, தம்பி மனைவி. வரிசை தவறாமல் வைத்திருக்கிறார் மனுஷன்.

“பரவால்ல மாமா, ஒரு நிமிஷ வேலை” என்று சொல்லிக்கொண்டே மாப்பிள்ளை வந்து சேர்ந்தான். அடுப்புக்கு முன்னால் மண்டியிட்டான். குமிழில் கை வைத்தான்.

அப்போது மாமாவுக்குக் குரல் வந்தது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை. “தொடாதீங்க மாப்ள! கையை எடுங்க! வெடிச்சிடும்! வெடிச்சிடும் மாப்ள!” மூட்டு வலி என்று கடையில் ஒரு பெட்டியைத் தூக்காத மனுஷன், பாறையைத் தாண்டி, வேட்டி அவிழ்வது தெரியாமல் ஓடி வந்தார். பாதி தூரத்தில் நின்றுவிட்டார், அதற்கு மேல் வரவில்லை. அங்கிருந்தே கையை ஆட்டிக் கத்தினார். மாப்பிள்ளை பயந்துபோய்ப் பின்னால் உட்கார்ந்துவிட்டான்.

சம்பந்தி அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். “எது வெடிக்கும்? என்னங்க சொல்றீங்க?”



அக்கா குனிந்து அடுப்பின் பக்கவாட்டு மூடியைத் தூக்கிக் காட்டினாள். “ஒண்ணும் வெடிக்காதுங்க. டப்பாவை நான் அப்பவே கழட்டிட்டேன். உள்ள காலி.”

முதலில் மாமாவின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அடுத்த நிமிஷமே கோபம். “என்னடி விளையாட்டு இது? யார் முன்னாடி என்ன பண்றதுன்னு தெரியாது? என் மானத்தை வாங்கிட்ட!”

“மாப்பிள்ளைக்குன்னா உங்களுக்குச் சத்தம் வருது” என்றாள் அக்கா. குரலை உயர்த்தவே இல்லை. “கை, கால் எல்லாம் வருது. நான் குமிழைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேனே, அப்ப இந்தச் சத்தம் எங்க போச்சு?”

“நான்… சொல்லத்தான் நினைச்சேன்.”

“எவ்வளவு தூரம் போனதும் சொல்லலாம்னு இருந்தீங்க?”

மகள் பாறைக்குப் பின்னாலிருந்து வந்தாள். அப்பா தன்னை எந்த இடத்தில் நிறுத்தி வைத்திருந்தார் என்பதைத் திரும்பிப் பார்த்தாள். அங்கிருந்து அடுப்பு வரைக்கும் ஒரு தடவை கண்ணால் அளந்தாள். அப்பாவைக் கடந்து வந்து அம்மாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மிச்சத்தை சம்பந்தி அம்மாவுக்கு நான் சொன்னேன். டீச்சரின் கையைப் பற்றிச் சொன்னபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திங்கட்கிழமை காலையில் தீயணைப்பு நிலையத்துக்குப் போகப் போகிறேன் என்றும் சொன்னேன். “நானும் வரேன்” என்றாள் அக்கா.

டீ இல்லாமலே டென்ட்டைப் பிரித்தோம். சம்பந்தி அம்மா அக்காவுக்கு பிஸ்கட்டைப் பிரித்துக் கையில் கொடுத்து, சாப்பிடும் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் மரத்தடியில் வைத்திருந்த டப்பாப் பையை மாமா எடுத்துக் கார் டிக்கியில் வைக்கப் போனார்.

“அது வண்டியில ஏறினா நாங்க யாரும் ஏறமாட்டோம்” என்றாள் அக்கா. “ஏரிக்கு நுழையிற வாசல்ல காவலாளி ஆபீஸ் இருக்கு. அங்க கொண்டுபோய், இது என்னதுன்னு உங்க வாயாலயே சொல்லிக் குடுத்துட்டு வாங்க.”

“அவ்வளவு தூரமா? மாப்ள, நீங்க கொஞ்சம்…” என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். ஒருவரும் அசையவில்லை.

மாமா தனியாகக் கிளம்பினார். பையை முதலில் தோளில் மாட்டினார். உடனே கழற்றினார். கக்கத்தில் வைத்துப் பார்த்தார், அதுவும் சரிப்படவில்லை. கடைசியில் கையை எட்டின மட்டும் நீட்டி, பையைத் தன் உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நடந்தார். அவர் மண் பாதை வளைவில் மறைகிற வரைக்கும் அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள்.